பல்லைக் கடித்த கழுதைப்புலி

கரட்டுக்காட்டில் வீரணன் என்று ஒரு கழுதைப்புலி இருந்தான். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவன் வீரமெல்லாம் செத்த மாட்டிடம்தான். உயிரோடு ஒரு முயல் எதிரே வந்து முறைத்தால், "சின்னப் பயல், பிழைத்துப் போகட்டும்" என்று ஒதுங்கிப் போகிற வீரம் அது.

ஆனால் அவனிடம் ஒன்று இருந்தது. பல்! காட்டுமாட்டின் தொடை எலும்பை ஒரே கடியில் உடைக்கிற பல்!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். புரச மரங்கள் பூத்துக் கரடு முழுக்கச் சிவந்து நிற்கும் சமயத்தில், செத்ததைத் தின்கிற பிராணிகள் எல்லாம் வட்டப்பாறையில் கூடும். நடுவில் காட்டுமாட்டின் தொடை எலும்பு ஒன்றை வைப்பார்கள். அது உடைந்த பிறகுதான் அன்றைய விருந்து. அதை ஒரே கடியில் உடைக்கிறவனுக்கு அந்த வருஷம் முழுக்க முதல் கடி. காட்டில் எது செத்து விழுந்தாலும் அவன் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்கலாம். அதுவரை எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்க வேண்டும். கோயில் மரியாதைக்கு அடித்துக்கொள்கிற மனிதர்களுக்கு இவர்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை.

நாலு வருஷமாக முதல் கடி வீரணனுக்குத்தான். அவன் தலை தெரிந்தாலே, "வச்சிரப்பல்லார் வர்றார், வழி விடுங்க!" என்று எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதைக் கேட்டால் வீரணனுக்கு வால் தானாகத் தூக்கிக்கொள்ளும். கறியை விட, அவர்கள் எழுந்து நிற்பதுதான் அவனுக்கு ருசி.

போன வருஷம் மட்டும் ஒரு சின்னச் சங்கதி நடந்தது. முதல் கடிக்கு எலும்பு உடையவில்லை. வீரணன் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு, இருமல் வந்தவன்போல் இருமி, அந்த இருமலுக்குள்ளே இரண்டாவது கடி கடித்தான். அப்புறம்தான் உடைந்தது. கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. "வாழ்க!" என்று கத்தினார்கள். வீரணனும் கூசாமல் தலையை ஆட்டி வாழ்த்தை வாங்கிக்கொண்டு குகைக்கு வந்தான்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அன்றைக்கே அவன் மனசுக்குள் பயம் வந்து உட்கார்ந்தது. பல் தளர்ந்துவிட்டதோ? அடுத்த வருஷம் உடையுமோ, உடையாதோ? இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டி பேச்சியிடம்கூடச் சொல்லவில்லை.

மழை முடிந்து பனி இறங்கின சமயம், சுருளி ஓடி வந்தான். சுருளி ஒரு மரநாய். மரம் ஏறிப் பழம் பறித்துத் தின்ன வேண்டியவன். ஆனால் ஏறுவதற்குச் சோம்பல். வீரணனைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொன்னால், உடைத்த எலும்பிலிருந்து கொஞ்சம் மஜ்ஜை கிடைக்கும். அதை நக்கியே உடம்பை வளர்த்துவிட்டான்.

"தலைவரே! சேதி தெரியுமா?"

"என்னடா?"

"மேற்குச் சரிவுல ஒச்சம்மான்னு ஒருத்தி. நம்ம இனந்தான், கழுதைப்புலி. ரெண்டு குட்டிக்காரி. அவ பல்லு இருக்கே, அப்பப்பா! இந்த வருஷம் வட்டப்பாறைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காளாம்!"

"எதுக்காம்?"

"இதைக் கேக்கணுமா தலைவரே? வட்டப்பாறைக்குப் பல்லு உள்ளவ எதுக்கு வருவா?"

வீரணன் இடி இடிப்பதுபோல் சிரித்தான். "வரட்டும்! வரட்டும்! ஒரு பொட்டச்சி பல்லுக்குப் பயப்படுறவனா நானு?"

பயப்படுகிறவன்தான். சிரித்து முடித்ததுமே நாக்கால் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் பேச்சி தூக்கத்திலிருந்து திடுக்கென்று விழித்தாள். கழுதைப்புலிகளுக்கு இரையெல்லாம் ராத்திரியில், பகலில்தான் தூக்கம். குகைக்குள் என்னவோ அரைபடுகிற சத்தம்! நற நற நற நற! பாறை ஏதும் சரிகிறதோ என்று வெளியே எட்டிப் பார்த்தாள். வெளியே ஒன்றும் இல்லை. சத்தம் பக்கத்தில் படுத்திருந்த புருஷன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் போட்டு அரைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க! ஏங்க!" என்று உலுக்கினாள்.

"யாரு? ஒச்சம்மாவா?" என்று துள்ளி எழுந்தான் வீரணன்.

"ஒச்சம்மா யாரு?"

"யாருமில்ல."

"பல்லைப் போட்டு இந்தக் கடி கடிக்கிறீங்களே, என்னதான் மனசுல?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

இந்த 'ஒண்ணுமில்ல' இருக்கிறதே, ஆம்பளைகள் வாயில் அது வந்தால் உள்ளே ஒரு மலையே இருக்கிறது என்று அர்த்தம். பேச்சிக்கு அது தெரியாதா? ஆனாலும் தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்றுதான் ஊரே சொல்லும். எதற்கும் இருக்கட்டும் என்று வேப்பங்கொழுந்தை மென்று உருண்டை பிடித்துக் கொடுத்தாள். மூணு நாள் முழுங்கினான். வாய் கசந்தது, வயிறு போனது, சத்தம் மட்டும் போகவில்லை.

நாளாக ஆக மோசமானது. நற நற சத்தம் குகைக்கு வெளியேயும் கேட்க ஆரம்பித்தது. எழுந்ததும் தாடை பிடித்துக்கொள்ளும். வாயைத் திறந்தால் காதோரம் 'களுக்' என்று ஒரு சத்தம் வரும். நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். ஊற்றுத் தண்ணீரில் வாய் வைத்தால் பல் கூசித் துள்ளிக் குதிப்பான்.

சுருளி அதையும் விடவில்லை. "பாருங்கய்யா! நம்ம தலைவர் தண்ணியைக்கூட சிலிர்த்துக்கிட்டுத்தான் குடிக்கிறார்! என்ன கம்பீரம்!"

வீரணனும் அதைக் கேட்டுக் கழுத்தை நிமிர்த்தினான். வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் கழுத்தை நிமிர்த்தினான். மானங்கெட்ட கழுத்து!

ஒரு நாள் பேச்சி குகையைக் கூட்டும்போது தரையில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். பல்லின் சில்லு! அவ்வளவுதான். கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நேரே குருவம்மாவிடம் போனாள்.

குருவம்மா ஒரு முள்ளம்பன்றி. கொறித்துக் கொறித்தே வாழ்கிறவள் ஆகையால் அந்தக் காட்டில் பல்லைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. நாக்கிலும் முள்தான். பேச்சி அழைத்ததும் முட்கள் கலகலக்க வந்து சேர்ந்தாள்.

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"அட, திறங்க! வட்டப்பாறையில ஊருக்கே திறந்து காட்டுறீங்க. எனக்குக் காட்ட வெக்கமா?"

வீரணன் திறந்தான். களுக் என்றது தாடை. குருவம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லா இருக்கு லட்சணம்! கொத்தாத ஆட்டுக்கல் மாதிரி வழவழன்னு கிடக்கு. நாலு பல்லுல மேல்பூச்சே போயிருச்சு. கடைவாய்ப் பல்லு ரெண்டுல கீறல் விட்டிருக்கு."

"பூச்சியா தாயி?" என்று கேட்டாள் பேச்சி.

"பூச்சிதான். ஆனா வயித்துல இல்ல, இவர் மனசுல. எதையோ நெனச்சுப் பயந்து சாகுறாரு. முழிச்சிருக்கிறப்ப வாய் பொத்திக்குது. தூங்குறப்ப பல்லு பேசுது."

"பயமா? எனக்கா?" என்று வீரணன் உறுமினான்.

"உறுமாதீங்க, இன்னொரு சில்லு விழும்" என்றாள் குருவம்மா. "இங்க பாருங்க. எங்க இனத்துக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். நாங்க அரைச்சே ஆகணும். உங்களுக்கு அப்படியா? தேஞ்சது தேஞ்சதுதான். பிரம்மாவே வந்தாலும் திரும்ப முளைக்க வைக்க முடியாது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதின்னு சொல்வாங்க. பல்லைப் பல்லே தின்னா, ஆல் என்ன பண்ணும், வேல் என்ன பண்ணும்? ஆனா ஒண்ணும் குடி முழுகிப் போகல. புரசு பூக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. மிச்சமிருக்கிற பல்லைக் காப்பாத்தினாப் போதும், எலும்பு உடையும்."

எலும்பு உடையும் என்றதும் வீரணனின் காது இரண்டும் நிமிர்ந்தன. அவன் கேட்க ஏங்கிக்கொண்டிருந்ததே அந்த ஒரு வார்த்தைதான்.

"என்ன செய்யணும்?"

"குளத்துல நெட்டி வளருதுல்ல, அதுல ஒரு துண்டு வெட்டி, உங்க வாய்க்குத் தக்கன செதுக்கி, படுக்கும்போது பல்லுக்கு நடுவுல வெச்சுக்கங்க. கடிச்சாலும் நெட்டிதான் நசுங்கும், பல்லு தேயாது. அப்புறம் படுக்கிறதுக்கு முந்தி மனசுல உள்ளதைப் பேச்சிகிட்டக் கொட்டிருங்க. வெறும் வாயில பல்லோட பல்லு ஒட்டக் கூடாது. உதடு மூடியிருக்கட்டும், பல்லு தள்ளியிருக்கட்டும். அவ்வளவுதான் வைத்தியம்."

"நெட்டியா!" என்று வீரணன் துள்ளினான். "மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்துல மாலை கட்டுற நெட்டியா? அதை வச்சிரப்பல்லன் வாயில வெச்சுக்கணுமா? மாட்டைத் தின்கிறவன்டி நான்!"

"தின்னுங்க. பல்லு இருந்தா தின்னுங்க" என்று சொல்லிவிட்டுக் குருவம்மா போய்விட்டாள்.

பேச்சி குளத்துக்கு நடந்தாள். முதலை கிடக்கிற குளம். சேற்றில் இறங்கி நெட்டி பறித்து, காயவைத்து, தன் பல்லாலேயே மெல்ல மெல்லச் செதுக்கி, புருஷன் வாய்க்கு அளவாக ஒரு தக்கை செய்தாள். கொண்டுவந்து நீட்டினாள். வீரணன் அதைக் காலால் எத்திவிட்டான். மறுநாள் இன்னொன்று செய்தாள். அதையும் எத்தினான். மூன்றாவது தக்கையை அவள் நீட்டவில்லை. அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வீரணனுக்குப் பல்வலியில் உயிர் போனது. யாரும் பார்க்கவில்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் தக்கையை வாயில் வைத்துக்கொண்டான். என்ன ஆச்சரியம்! சாயங்காலம் வரை கட்டைபோல் தூங்கினான். எழுந்தபோது தாடை பிடிக்கவில்லை. நெற்றிப்பொட்டு தெறிக்கவில்லை. தண்ணீர் குடித்தான், கொஞ்சம்தான் கூசியது.

பத்து நாள் இப்படி ஓடியது. சில்லு விழுவது நின்றது. பேச்சி முகத்தில் சிரிப்பு வந்தது. ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஒச்சம்மா விஷயத்தையும் சொல்லிருங்க, பாரம் போகும்" என்றாள். வீரணன் வாயைத் திறந்தான். சொல்லவும் வந்தான். போன வருஷத்து இருமல் தொண்டை வரை வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல" என்று முழுங்கிவிட்டான். வீரணன் அல்லவா!

பதினோராம் நாள் சுருளி மஜ்ஜை தேடி வந்தான். குகை வாசலில் எட்டிப் பார்த்தான். தலைவர் வாயில் தக்கையோடு தூங்கிக்கொண்டிருந்தார்!

"ஐயையோ! தலைவரே! இது என்ன கோலம்?"

வீரணன் விழித்தான். நெட்டியைத் துப்பவும் முடியாமல், முழுங்கவும் முடியாமல், "ம்... ம்..." என்று விழித்தான்.

"பால் குடிக்கிற குட்டி மாதிரி வாயில என்னத்தையோ வெச்சுக்கிட்டு! யாராவது பார்த்தா என்ன ஆகும்? ஒச்சம்மா காதுல விழுந்தா சிரிச்சே செத்துருவாளே!"

பேச்சி சீறினாள். "அது வைத்தியம்டா, எச்சிப் பொறுக்கி!"

"வைத்தியமா? எதுக்கு வைத்தியம்? ஆத்தா, தலைவர் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறது நோய்னு உங்களுக்கு யார் சொன்னா? அது வீரம்! முழிச்சிருக்கிறப்ப எதிரியைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறவன் ஆயிரம் பேர் இருக்கான். தூக்கத்துலயும் கடிக்கிறவர் இந்தக் காட்டுல ஒருத்தர்தான்! பத்து நாளா சத்தமே காணோமேன்னு வெளியில எல்லாரும் பேசிக்கிறாங்க. தலைவர் பயந்துட்டாரோன்னு..."

அவ்வளவுதான். வீரணன் தக்கையை வெளியே துப்பினான். அதன்மேல் ஏறி மிதித்துத் தூளாக்கினான்.

பேச்சி அந்தத் தூளையே பார்த்தாள். "முதலை வாய்க்குப் பக்கத்துல போய்ப் பறிச்சது" என்றாள். சொல்லி என்ன? பெண்டாட்டி சொன்னால் வேம்பு, எடுபிடி சொன்னால் கரும்பு என்று இருக்கிறவனுக்கு யார் சொல்லித் திருத்த முடியும்?

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். சுருளி தினமும் மத்தியானம் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு குகை வாசலுக்கு வருவான். "உஷ்! கேளுங்க! தலைவர் தூக்கத்துல ஒச்சம்மாவைக் கடிக்கிறார்!" என்பான். உள்ளே நற நற நற! வெளியே "ஆகா! ஆகா!" நரிகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டன. கழுகுகள் தலையை ஆட்டின. வேலை வெட்டி இல்லாத காடு. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அது போதாதென்று, இளவட்டக் கழுதைப்புலிகள் எல்லாம் பல்லைக் கடிக்க ஆரம்பித்தன. நடந்தால் நற நற. உட்கார்ந்தால் நற நற. பெண் பார்க்கப் போனாலும் நற நற! எவன் அதிகச் சத்தம் போடுகிறானோ அவன்தான் வீரன். வீரணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது அவன் விழித்திருக்கும்போதும் கடித்தான். கூட்டம் வருகிற நேரத்தில், தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கடித்தான்! நோவுக்குக் கடித்தது பாதி, ஊருக்குக் கடித்தது பாதி.

வலி தாங்காமல் தனியாகப் போய்ப் பாறையில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பான். அப்போது மனசுக்குள் ஒரே நினைப்பு. 'எலும்பு உடையணும். இந்த ஒரு தடவை உடைஞ்சிட்டாப் போதும். உடையலேன்னா என்னைப் பார்த்து யார் எழுந்து நிப்பாங்க?' பாவம் என்றுகூடச் சொல்லத் தோன்றும். ஆனால் மருந்தைக் காலால் மிதித்தவனுக்கு எதற்குப் பாவம்!

புரசு பூத்தது. கரடு சிவந்தது. வட்டப்பாறையில் கூட்டமான கூட்டம். நடுவில் காட்டுமாட்டின் தொடை எலும்பு வெயிலில் பளபளவென்று கிடந்தது.

வீரணன் வந்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். "வச்சிரப்பல்லார் வாழ்க!" என்று சுருளி தொண்டை கிழியக் கத்தினான். வீரணன் கண் மட்டும் கூட்டத்தில் ஒருத்தியைத் தேடியது. இதோ! பாறையின் ஓரத்தில் இரண்டு குட்டிகளோடு ஒரு பெண் கழுதைப்புலி உட்கார்ந்திருந்தாள். ஒச்சம்மா! குட்டிகள் இரண்டும் எலும்பும் தோலுமாக அவள் மடியில் முட்டிக்கொண்டிருந்தன.

வீரணன் அவளைப் பார்த்து ஒரு தடவை பல்லைக் கடித்துக் காட்டினான். நற நற! அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

எலும்பைக் கவ்வினான். கண்ணை மூடினான். உயிரையெல்லாம் தாடைக்குக் கொண்டுவந்து கடித்தான்.

மடார்!

"உடைஞ்சிருச்சு! உடைஞ்சிருச்சு!" என்று சுருளி குதித்தான். காடே அதிர்ந்தது. கழுகுகள் இறக்கையை அடித்தன. நரிகள் ஊளையிட்டன.

உடைந்தது உண்மைதான். எலும்பு கீழே விழுந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதன்மேல் பொலபொலவென்று விழுந்தவை வீரணனின் கடைவாய்ப் பற்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு!

வீரணன் வாயைப் பொத்திக்கொண்டு முதுகைத் திருப்பினான். இருமிப் பார்த்தான். இருமலோடு ஐந்தாவது பல்லும் விழுந்தது.

"அடடா, வீரரே!" என்று ஒரு கிழட்டுக் கழுகு சொன்னது. அவ்வளவுதான். ஒரு குட்டி நரி களுக்கென்று சிரித்தது. அப்புறம் காடே சிரித்தது. நேற்று வரை குகை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட அதே காடு!

"இளவட்டங்கள் வாங்கடா! எவனாவது உடைங்கடா!" என்று குரல் வந்தது. ஒருத்தன் வந்து கடித்தான். "ஐயோ அம்மா!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினான். இன்னொருத்தன் வந்தான். அவனும் ஓடினான். வீரத்துக்குக் கடித்துக் கடித்து எல்லோர் பல்லும் மழுங்கிக் கிடந்தது. எலும்பு மட்டும் முழுசாக இருந்தது.

கடைசியில் எல்லோரும் ஒச்சம்மாவைப் பார்த்தார்கள். "நீ போட்டிக்குத்தானே வந்தே? உடை!" என்றார்கள்.

ஒச்சம்மா பதறிப்போனாள். "போட்டியா? எனக்கு எதுக்குப் போட்டி? மேற்குச் சரிவுல இந்த வருஷம் இரையே இல்ல. வட்டப்பாறையில விருந்து போடுவாங்க, குட்டிகளுக்கு ஒரு வாய் கேட்டு வாங்கலாம்னு வந்தேன். அந்த மரநாய் அண்ணன்கிட்ட அன்னிக்கே சொன்னேனே, வர்றேன்னு!"

எல்லோரும் சுருளியைத் தேடினார்கள். அவன் ஒரு புதருக்குள் வாலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு ஒளிந்திருந்தான்.

வீரணன் காதில் அவள் சொன்னது விழுந்தது. போட்டிக்கே வராதவளையா இத்தனை நாள் கடித்தேன்? யார் பல்லை யார் தின்றது?

"சரி, வந்தது வந்துட்டே. ஒரு கடி கடிச்சுப் பாரு" என்றது கிழட்டுக் கழுகு. "எலும்பு உடையாம யாருக்கும் இங்க சோறு இல்ல."

ஒச்சம்மா குட்டிகளைப் பார்த்தாள். தயங்கித் தயங்கி வந்தாள். எலும்பைக் கவ்வினாள். அலட்டாமல் கடித்தாள். டக்கென்று எலும்பு இரண்டாகப் பிளந்தது. முதல் கடி உரிமை அவளுக்கு வந்தது. கேட்காமல் வந்தது. மஜ்ஜையைக் குட்டிகளுக்கு ஊட்டினாள்.

புதர் அசைந்தது. சுருளி வெளியே வந்தான். உடம்பில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிக்கொண்டு நேரே ஒச்சம்மா முன்னால் போய் நின்றான். "என்ன பல்லு! என்ன பல்லு! இந்த மாதிரிப் பல்லை நான் பார்த்ததே இல்லம்மா!" என்றான். கண்ணில் வெட்கம் துளிகூட இல்லை. ஒச்சம்மா ஒரே ஒரு தடவை உறுமினாள். அன்றைக்குத்தான் சுருளிக்கு மரம் ஏறத் தெரியும் என்று காட்டுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வீரணனைப் பார்த்து யாரும் எழுந்து நிற்கவில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவனுக்குச் சோறும் போச்சு. வரிசையில் கடைசியாக நிற்பான். எல்லோரும் தின்று முடித்த பிறகு மிஞ்சுகிற தோலும் நரம்பும் அவனுக்கு. அதையும் கடிக்கப் பல் இல்லை. பேச்சி மென்று கொடுப்பாள், அவன் முழுங்குவான்.

ஒரு நாள் முழுங்கிவிட்டு வீரணன் குழறினான். "ஒச்சம்மா போட்டிக்கு வரலேன்னு யாராவது ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாமே, பேச்சி!"

பேச்சி மெல்லுவதை நிறுத்தினாள். "நீங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க" என்றாள். "என்கிட்ட சொல்லியிருந்தா, அன்னிக்கே மேற்குச் சரிவுக்கு நானே நடந்து போய்க் கேட்டுட்டு வந்திருப்பேன். முதலைக் குளத்துக்குப் போனவளுக்கு அது ஒரு தூரமா?"

'ஒண்ணுமில்ல' என்று சொல்ல இந்தத் தடவை வீரணனுக்கு வாய் வரவில்லை. பேச்சி குனிந்து அடுத்த வாயை மெல்லத் தொடங்கினாள்.

உள்ளே இருக்கிற பயத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, கைக்கு வந்த மருந்தையும் கேவலம் என்று தள்ளுகிறவனை அழிக்க வெளியிலிருந்து ஒரு பகைவன் வர வேண்டியதில்லை.